பொது சுகாதார ஆங்கிலம்: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

தமிழ் வழியில் பள்ளி முடித்து, நர்சிங்கோ சமூகப்பணியோ புள்ளியியலோ படித்துவிட்டு, பொது சுகாதார முதுகலைக்குள் வருகிறவர்களுக்குக் கட்டுரை எழுதுவதில் உதவி வருகிறேன். வருடா வருடம் புதிய ஆட்கள் வந்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய அதேதான். அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். ஆங்கிலம் சரியாக வராததால் எழும் சந்தேகங்கள் என்று நினைக்க வேண்டாம். சிறுவயதிலிருந்து ஆங்கில வழியில் படித்தவர்களும் இதே இடங்களில்தான் நிற்கிறார்கள்.

இதுக்குன்னு தனியா ஒரு ஆங்கிலம் இருக்கா என்ன? டிக்‌ஷனரி பார்த்தா போதாதா?

போதாது. சர்வேலன்ஸ் என்று அகராதியில் பார்த்தால் போலீஸ் ஒருவரைப் பின்தொடர்ந்து கவனிப்பது என்கிற மாதிரி பொருள் கிடைக்கும். இந்தத் துறையில் அதற்கு வேறு வேலை: நோய்த் தகவல்களை விடாமல் சேகரிப்பது, அலசுவது, நடவடிக்கை எடுக்க வேண்டியவர்களுக்கு உடனே அனுப்புவது, மூன்றும் சேர்ந்ததுதான் சர்வேலன்ஸ். 2004-ல் தொடங்கிய இந்தியாவின் ஒருங்கிணைந்த நோய் கண்காணிப்புத் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வாராவாரம் தகவல் அனுப்பி வந்தது இந்தப் பொருளில்தான். சிக்னிஃபிகன்ட் என்ற சொல்லும் அப்படியே. பேச்சில் அது "முக்கியமான", ஆய்வுக் கட்டுரையில் "தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவான". ரொம்பச் சின்ன, யாருக்கும் பயன்படாத வித்தியாசம்கூட ஸ்டாட்டிஸ்டிக்கலி சிக்னிஃபிகன்ட் ஆகலாம்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், மற்ற பதில்களுக்கெல்லாம் இது வேண்டும். இத்துறையின் முக்கியமான சொற்களில் பாதிக்குமேல் பள்ளியில் படித்த பின்னம்தான். மேலே தொகுதி, கீழே பகுதி. ஒரு சொல்லைப் பார்த்தவுடன் "பகுதியில் யார் இருக்கிறார்கள், எந்தக் காலத்துக்குக் கணக்கு?" என்று கேட்டுப் பழகுங்கள். பொருளை மனப்பாடம் செய்தவர்களைவிட இதைக் கேட்டுப் பழகியவர்கள்தான் தேர்விலும் சரி, வேலையிலும் சரி, தடுமாறாமல் எழுதுகிறார்கள்.

இன்சிடென்ஸ், பிரிவலென்ஸ் ரெண்டுமே "எத்தனை பேருக்கு நோய்"தானே?

இல்லை. இன்சிடென்ஸ் என்பது ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் புதிதாக நோய் வந்தவர்களின் கணக்கு. பிரிவலென்ஸ் என்பது ஒரு நேரத்தில் நோயோடு இருக்கும் எல்லோருடைய கணக்கு, பழையவர்களும் புதியவர்களும் சேர்ந்து. ஒரு ஊரில் பெரியவர்கள் 1000 பேர், அதில் 100 பேருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய், அந்த வருடத்தில் இன்னும் 18 பேருக்குப் புதிதாக வருகிறது என்று வையுங்கள். இன்சிடென்ஸ் கணக்கில் பகுதி 1000 இல்லை, 900. ஏற்கெனவே நோய் உள்ள 100 பேருக்குப் புதிதாக வர முடியாதே. ஆக 900-க்கு 18, அதாவது 1000-க்கு 20. யாரும் இறக்கவில்லை, ஊரைவிட்டுப் போகவில்லை என்றால் வருடக் கடைசியில் பிரிவலென்ஸ் 1000-க்கு 118.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிரிவலென்ஸ் கூடினாலே நிலைமை மோசம் என்று எழுதிவிடுகிறார்கள். எச்ஐவிக்குக் கூட்டு மருந்து வந்தபிறகு, முன்பு இறந்திருக்கக் கூடியவர்கள் பல பத்து வருடம் வாழ்கிறார்கள். அதனால் புதிய தொற்று குறைந்துகொண்டே வந்தாலும், தொற்றோடு வாழ்பவர்களின் எண்ணிக்கை கூடலாம். அது நல்ல செய்தி. இரண்டு சொல்லையும் மாற்றிப் போட்டால் நல்ல செய்தி கெட்ட செய்தியாகிவிடும்.

செய்தியில "இறப்பு விகிதம் 2 சதவீதம்"னு போடறாங்க. அது மார்ட்டாலிட்டி ரேட்டா, கேஸ் ஃபேட்டாலிட்டி ரேட்டா?

பகுதியில் யார் என்று கேளுங்கள், பதில் வந்துவிடும். நோய் உறுதியானவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்றால் கேஸ் ஃபேட்டாலிட்டி. மொத்த மக்கள்தொகையில் எத்தனை பேர் ஒரு வருடத்தில் அந்த நோயால் இறந்தார்கள் என்றால் மார்ட்டாலிட்டி ரேட். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது, கேஸ் ஃபேட்டாலிட்டி ஏறக்குறைய 100 சதவீதம். ஆனால் ஒரு நாட்டின் மொத்த மக்கள்தொகைக்கு வகுத்தால் ரேபிஸ் மார்ட்டாலிட்டி சிறிய எண்தான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

மூன்றாவதாக இன்ஃபெக்‌ஷன் ஃபேட்டாலிட்டி. இதில் பரிசோதனைக்கே வராமல், அறிகுறியே இல்லாமல் தொற்று வந்து போனவர்களும் பகுதியில் சேர்வார்கள். கொரோனாவின் தொடக்கத்தில் மிகவும் முடியாதவர்களுக்குத்தான் பல இடங்களில் பரிசோதனை நடந்தது, அதனால் கேஸ் ஃபேட்டாலிட்டி உயரமாகத் தெரிந்தது. பரிசோதனை கூடியதும் அது இறங்கியது, வைரஸ் அப்படியே இருந்தாலும்கூட.

மார்பிடிட்டி என்றால் என்ன என்று கூடவே கேட்பார்கள். நோயுற்றிருத்தல், அவ்வளவுதான். இறப்பு இல்லை.

மெட்டர்னல் மார்ட்டாலிட்டி "ரேஷியோ"வா "ரேட்"டா? எப்படி எழுதினாலும் மார்க் போடறாங்களே?

மார்க் போடலாம், ஆனால் இரண்டும் வெவ்வேறு எண்கள். ரேஷியோ என்றால் உயிருடன் பிறந்த 1,00,000 குழந்தைகளுக்கு எத்தனை தாய்மார் இறந்தார்கள். ரேட் என்றால் 15 முதல் 49 வயதுப் பெண்கள் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை. நம் நாட்டின் மாதிரிப் பதிவுத் திட்ட அறிக்கையில் இரண்டும் தனித்தனி வரிசையில் அச்சாகும். 2018-20 கணக்கில் இந்தியாவின் ரேஷியோ 97, தமிழ்நாடு 54, கேரளம் 19. நாளிதழ்களில் வருவது பெரும்பாலும் ரேஷியோதான், பெயரை மட்டும் ரேட் என்று போட்டுவிடுகிறார்கள்.

பொதுவாகச் சொன்னால், தொகுதியில் இருப்பவர்கள் பகுதிக்குள்ளும் இருந்தால் ப்ரொபோர்ஷன், அப்படி இருக்கத் தேவையில்லை என்றால் ரேஷியோ (இறந்த தாய், பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கைக்குள் இல்லையே), காலமும் சேர்ந்தால் ரேட். ஆனால் பழக்கத்தில் நிலைத்துவிட்ட பெயர்களை மாற்றக் கூடாது. குழந்தை இறப்பு 1000 உயிர்ப் பிறப்புகளுக்குக் கணக்கிடப்படுகிறது, அதை எல்லோரும் இன்ஃபன்ட் மார்ட்டாலிட்டி ரேட் என்றே எழுதுகிறார்கள், நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

எண்டெமிக், அவுட்பிரேக், எபிடெமிக், பேண்டெமிக்: சின்னதுலேர்ந்து பெரிசு வரைக்கும் இதுதானே வரிசை?

எண்ணிக்கையின் அளவு இல்லை விஷயம், எதிர்பார்த்த அளவு. ஒரு இடத்தில் ஒரு நோய் வழக்கமாக எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இருந்தால் எண்டெமிக். அதைத் தாண்டினால் எபிடெமிக். சிறிய வட்டாரத்துக்குள், குறுகிய காலத்தில் தாண்டினால் பெரும்பாலும் அவுட்பிரேக் என்பார்கள். கண்டங்களைக் கடந்து பரவினால் பேண்டெமிக். மழைக்காலத்தில் ஒரு மாநகரத்தில் 100 பேருக்கு டெங்கு வருவது வழக்கமான அளவாகவே இருக்கலாம், ஆனால் இந்தியாவில் இன்று ஒரே ஒரு குழந்தைக்கு இயற்கைப் போலியோ வந்தாலும் அது அவுட்பிரேக்.

எண்டெமிக் என்றால் "இனி ஒன்றும் செய்யாது" என்று கொரோனா காலத்தில் பலரும் எழுதினார்கள். தவறு. மலேரியா ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் எண்டெமிக்தான், வருடத்துக்குப் பல லட்சம் உயிர்களை எடுக்கிறது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

தேதி எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று அறிவித்தது பன்னாட்டு அக்கறைக்குரிய பொது சுகாதார அவசரநிலை. அதுதான் அன்றைய பன்னாட்டு சுகாதார விதிகளில் சட்டப்பூர்வமான சொல். மார்ச் 11 அன்று அதன் தலைவர் "இதைப் பேண்டெமிக் என்று சொல்லலாம்" என்று வர்ணித்தார். 2023 மே 5 அன்று முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது அந்த அவசரநிலை. பேண்டெமிக் அன்றோடு முடிந்தது என்று எழுதாதீர்கள்.

எலிமினேஷனும் எராடிகேஷனும் ஒன்னுதானே? ரெண்டுக்கும் தமிழ்ல "ஒழிப்பு"ன்னுதான் போட்டிருக்கு.

தமிழில் ஒரே சொல் போட்டிருப்பதுதான் பல குழப்பத்துக்குக் காரணம். எராடிகேஷன் என்றால் உலகம் முழுக்க, நிரந்தரமாக, இனி தடுப்பு வேலையே தேவையில்லை என்ற நிலை. மனிதர்களுக்கு வரும் நோய்களில் அந்த நிலையை எட்டியது பெரியம்மை மட்டும்தான், 1980-ல் அறிவித்தார்கள். கால்நடைகளின் வெக்கை நோய் 2011-ல். எலிமினேஷன் ஒரு எல்லைக்குள் நடப்பது. இந்தியாவில் கடைசி இயற்கைப் போலியோ 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானது, 2014 மார்ச்சில் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்துக்கே போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வைரஸ் இருப்பதால் சொட்டு மருந்தை நிறுத்த முடியவில்லை.

இதைவிடச் சிக்கலானது "பொது சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் எலிமினேஷன்" என்ற தொடர். தொழுநோயை இந்தியா 2005 இறுதியில் இப்படி எலிமினேட் செய்ததாக அறிவித்தது. அதற்கு வைத்த கணக்கு 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவான பிரிவலென்ஸ். 140 கோடி மக்கள் உள்ள நாட்டில் அதற்குக் கீழேயும் ஏராளமானோர் இருக்க முடியும், இருக்கிறார்கள். "தொழுநோய் ஒழிந்துவிட்டது" என்ற ஒரு வரியை நம்பி, தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமலை யாரும் கவனிக்காமல் விட்டால், அந்த மனிதருக்குக் கை விரல் மடங்கிப் போகும். அதனால்தான் இந்த ஒரு சொல்லில் மட்டும் நான் ரொம்பக் கறாராக இருக்கிறேன்.

"காஸ்"னு எழுதினா கைடு சிவப்பு மையில அடிக்கிறார். "அசோசியேட்டட் வித்"னு மாத்தச் சொல்றார். ஏன் இந்தப் பயம்?

பயம் இல்லை. காஸ் என்றால் காரணமாவது, அசோசியேட்டட் வித் என்றால் தொடர்புடையது, அவ்வளவுதான். உங்கள் ஆய்வு எவ்வளவு தூரம் சொல்ல அனுமதிக்கிறதோ அவ்வளவு தூரம்தான் வினைச்சொல் போக வேண்டும். ஒரே ஒரு முறை ஊருக்குள் போய் கேள்வித்தாள் நிரப்பிய ஆய்வு என்றால் அசோசியேட்டட் வித். அதிலேயே காரணத்துக்கான குறிப்பு கொஞ்சம் தெரிந்தால் சஜஸ்ட், மே காண்ட்ரிபியூட் டு. பல ஆய்வுகள், பல இடங்களில், ஒரே திசையைக் காட்டினால் இண்டிகேட், ஷோ. ப்ரூவ் என்ற சொல்லை மறந்துவிடுங்கள், கணிதத்துக்கு விட்டுவிடலாம்.

அதே சமயம் அளவுக்கு மீறிப் பின்வாங்குவதும் தவறுதான். புகைப்பிடித்தலும் நுரையீரல் புற்றுநோயும் பற்றி ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950-ல் பிரிட்டனில் ஆய்வு வெளியிட்டார்கள். 1951 முதல் மருத்துவர்களையே பல பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 1965-ல் ஹில், ஒரு தொடர்பைக் காரணம் என்று சொல்வதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்பது கோணங்களை எழுதினார்: தொடர்பின் வலிமை, காரணம் முன்னாலும் விளைவு பின்னாலும் வருவது, அளவு கூடினால் விளைவும் கூடுவது, இப்படி. இத்தனைக்கும் பிறகு "ஸ்மோக்கிங் மே பி அசோசியேட்டட் வித் லங் கேன்சர்" என்று எழுதினால் அது சிகரெட் கம்பெனிக்குத்தான் உதவும். அங்கே காஸஸ் என்றே எழுதுங்கள்.

பயாஸ்னா ஒரு பக்கமா பேசறது. ஆய்வு பண்றவர் ஏமாத்தறார்னு அர்த்தமா?

இல்லை, இங்கே பயாஸ் என்பது ஒரே திசையில் இழுக்கும் பிழை. யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. குறையோடு பிறந்த குழந்தையின் தாய், கர்ப்ப காலத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டோம் என்று ஒவ்வொரு நாளையும் திரும்பத் திரும்ப யோசித்திருப்பார். மற்றத் தாய்க்கு அது நினைவே இருக்காது. இதற்கு ரீகால் பயாஸ் என்று பெயர். ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் இது போகாது, தவறான எண் இன்னும் உறுதியாகத் தெரியும், அவ்வளவுதான்.

கன்ஃபவுண்டிங் வேறு. காபி குடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று ஒரு கணக்கு காட்டலாம், ஆனால் அவர்களில் புகைப்பவர்கள் அதிகம் என்றால் வேலையைச் செய்தது காபி இல்லை. புகைப்பழக்கம் என்ற அந்த மூன்றாவது ஆள்தான் கன்ஃபவுண்டர். பயாஸைப் பின்னால் சரிசெய்வது கடினம். கன்ஃபவுண்டரை, அளந்து வைத்திருந்தால், கணக்கில் ஓரளவு கழித்துவிடலாம், அதற்கு எழுதும் வினைச்சொல் அட்ஜஸ்ட் ஃபார்.

"ஆபத்து இரண்டு மடங்கு"ன்னா பயப்படணுமா?

எதிலிருந்து இரண்டு மடங்கு என்று கேட்டுவிட்டுப் பயப்படலாம். 1995 அக்டோபரில் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு, சில வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று எச்சரித்தது. ஏறத்தாழ 7000 பெண்களில் ஒருவருக்கு இருந்தது இருவருக்கு ஆகிறது, இதுதான் அந்த இரட்டிப்பு. ரிலேட்டிவ் ரிஸ்க் இரண்டு, ஆனால் அப்சல்யூட் ரிஸ்க்கில் கூடியது 7000-க்கு ஒன்று. பெண்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஆயிரக்கணக்கில் கூடின. கர்ப்பமே ரத்தக்கட்டு ஆபத்தை அந்த மாத்திரையைவிட அதிகமாகக் கூட்டும் என்பதுதான் இதில் மனதை வருத்துவது. இரண்டு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள், ஒன்றை மட்டும் எழுதுவது அரைகுறைத் தகவல்.

பெர்சென்ட், பெர்சென்டேஜ் பாயின்ட் குழப்பமும் இதன் தம்பிதான். 10 சதவீதம் 15 ஆனால் கூடியது 5 பெர்சென்டேஜ் பாயின்ட், அல்லது 50 பெர்சென்ட்.

தடுப்பூசி எஃபிகசி 95 சதவீதம்னா 100 பேர்ல 5 பேருக்கு நோய் வரும்னு அர்த்தமா?

இல்லவே இல்லை, நல்ல கேள்வி, தொலைக்காட்சி விவாதங்களிலும் இப்படித்தான் சொன்னார்கள். ஃபைசரின் 2020 சோதனையில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். அறிகுறியோடு நோய் வந்த 170 பேரில் 162 பேர் உப்புநீர்ப் பக்கம், 8 பேர் தடுப்பூசிப் பக்கம். 162 வந்திருக்க வேண்டிய இடத்தில் 8தான் வந்தது, அந்தக் குறைவுதான் 95 சதவீதம். மேலே சொன்ன ரிலேட்டிவ் கணக்கு இங்கேயும் வருவதைக் கவனியுங்கள்.

எஃபிகசி சோதனைச் சூழலில் கிடைப்பது. எஃபெக்டிவ்னஸ் நிஜ உலகில் கிடைப்பது: குளிர்ப்பெட்டி பழுதாகும், இரண்டாவது ஊசிக்கு ஆள் வராது, முதியவர்கள் அதிகம் இருப்பார்கள். எஃபிஷியன்சி என்றால் செலவோடு ஒப்பிட்டது. மூன்றையும் "திறன்" என்று மொழிபெயர்த்துவிட்டு நகராதீர்கள்.

சென்சிடிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி ரெண்டுமே 90-க்கு மேல. அப்ப பாசிட்டிவ்னா நோய் உறுதிதானே?

பிரிவலென்ஸ் கேள்விக்குத் திரும்பிப் போக வேண்டும். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைச் சோதனை பிடிக்கிறது என்பது சென்சிடிவிட்டி, நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விடுகிறது என்பது ஸ்பெசிஃபிசிட்டி. 10,000 பேர், நோய் 1 சதவீதம், சென்சிடிவிட்டி 90, ஸ்பெசிஃபிசிட்டி 95 என்று போட்டுப் பாருங்கள். நோயுள்ள 100 பேரில் 90 பேர் பாசிட்டிவ். நோயில்லாத 9900 பேரில் 495 பேரும் பாசிட்டிவ். மொத்தம் 585 பேரில் உண்மையான நோயாளிகள் 90 பேர், சுமார் 15 சதவீதம்தான். இந்த 15-க்குப் பெயர் பாசிட்டிவ் ப்ரெடிக்டிவ் வேல்யூ. நோய் அதிகமுள்ள இடத்தில் அதே சோதனை வேறு எண் கொடுக்கும். ஸ்கிரீனிங் (அறிகுறி இல்லாதவர்களிடம் நோயைத் தேடுவது) வேறு, டயக்னோசிஸ் (நோயை உறுதி செய்வது) வேறு என்று பிரித்து எழுதச் சொல்வது இதனால்தான்.

ஐசோலேஷன், குவாரன்டைன்?

நோய் வந்தவரைப் பிரிப்பது ஐசோலேஷன். நோய் வந்திருக்கலாம் என்று சந்தேகப்படும், இன்னும் நலமாக இருப்பவரைத் தனியே வைப்பது குவாரன்டைன்.

ப்ரைமரி ஹெல்த் கேர், ப்ரைமரி கேர், ப்ரைமரி ப்ரிவென்ஷன்: எல்லாம் பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) சம்பந்தப்பட்டதா?

மூன்று வெவ்வேறு விஷயம். ப்ரைமரி கேர் என்றால் நோயாளி முதலில் போகும் இடத்தில் கிடைக்கும் மருத்துவம். ப்ரைமரி ஹெல்த் கேர் அதைவிடப் பெரியது, 1978-ல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட அணுகுமுறை. குடிநீர், உணவு, தடுப்பூசி, மக்கள் பங்கேற்பு எல்லாம் அதில் அடக்கம். ப்ரைமரி ப்ரிவென்ஷன் என்றால் நோய் வருவதற்கு முன்பே தடுப்பது. வந்த நோயைச் சீக்கிரமே கண்டுபிடிப்பது செகண்டரி, வந்தபிறகு அதன் பாதிப்பைக் குறைப்பது டெர்ஷியரி.

மக்களைத் தேடி மருத்துவம் எந்த வகை என்று அடிக்கடி கேட்கிறார்கள். வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்த்து, இருப்பதே தெரியாதவரைக் கண்டுபிடிப்பது செகண்டரி. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவருக்கு வீட்டில் இயன்முறைப் பயிற்சி கொடுப்பது டெர்ஷியரி. சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னால், இன்னும் நோய் வராதவருக்கு அது ப்ரைமரி. ஒரே திட்டம் மூன்றிலும் கால் வைக்கலாம், ஒரு பெட்டிக்குள் அடைக்க முயல வேண்டாம்.

இன்ஈக்வாலிட்டி, இன்ஈக்விட்டி ரெண்டையும் மாத்தி மாத்திப் போடலாமா?

கூடாது. 80 வயதுக்காரர் இறக்கும் வாய்ப்பு 20 வயதுக்காரரைவிட அதிகம், இது இன்ஈக்வாலிட்டி, வெறும் வித்தியாசம். ஒரே வயது, ஒரே ஊர், ஒரு தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது, மறு தெருவுக்கு வரவில்லை, அங்கே குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள் என்றால் அது தவிர்த்திருக்கக்கூடிய, நியாயமற்ற வித்தியாசம், அதனால் இன்ஈக்விட்டி. இந்தச் சொல்லை எழுதியவுடன் நீங்கள் ஒரு குற்றச்சாட்டு வைக்கிறீர்கள், ஆகவே ஏன் தவிர்த்திருக்கலாம் என்று அடுத்த வரியிலேயே காட்ட வேண்டும். சோஷியல் டிட்டர்மினன்ட்ஸ் என்ற தொடர் அங்கே உதவும்: வீடு, வேலை, படிப்பு, சாதி, பாலினம், தண்ணீர். மைக்கேல் மார்மட் தலைமையிலான உலக சுகாதார நிறுவனக் குழு 2008-ல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு இது எல்லா நாட்டுக் கட்டுரைகளிலும் பரவிவிட்டது.

டிஃபால்டர், சஸ்பெக்ட்னு எல்லா ரிஜிஸ்டர்லயும் இருந்துச்சு. நான் எழுதினா மட்டும் ஏன் தப்பு?

இருந்தது உண்மை. காசநோய் துறையில் சிகிச்சையை நிறுத்தியவரை டிஃபால்டர் என்றும், இருமலோடு வந்தவரை டிபி சஸ்பெக்ட் என்றும் பல ஆண்டுகள் எழுதினார்கள். முதலாவது கடன் கட்டாதவர்மேல் சொல்லும் சொல், இரண்டாவது காவல் நிலையச் சொல். உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளியிட்ட வரையறைகளில் இவை மாறின: லாஸ்ட் டு ஃபாலோ-அப், ப்ரிசம்ப்டிவ் டிபி. கூலி வேலையை விட்டுவிட்டு மருந்து வாங்க வர முடியாதவரைக் குற்றவாளி மாதிரி எழுதுவது மரியாதைக் குறைவு மட்டும் இல்லை, அவர் ஏன் வரவில்லை என்று யோசிக்கவும் விடாது. மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள்வதைக் குறிக்கும் கம்ப்ளையன்ஸ் போய் அட்ஹியரன்ஸ் வந்ததும் இதே காரணத்தால், முதலாவதில் கட்டளைக்குப் பணிதல் என்ற வாடை இருக்கிறது. தொழுநோயாளிக்குப் பழைய ஆங்கிலச் சொல்லை எங்கேயும் எழுதாதீர்கள், பெர்சன் அஃபெக்டட் பை லெப்ரசி என்று எழுதுங்கள்.

பழைய ஆய்வை எடுத்துக்காட்டும்போது என்ன செய்வது? மேற்கோள் குறிக்குள் அவர்கள் எழுதியதை அப்படியே வையுங்கள், மாற்றக் கூடாது. உங்கள் வாக்கியத்தில் புதிய சொல்லைப் போடுங்கள். அட்டவணையில் பழைய தலைப்பு வந்தே ஆக வேண்டுமென்றால், எந்த ஆண்டு வரையறைப்படி என்று அட்டவணைக்குக் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். ஏனென்றால் 2013-க்கு முன்னும் பின்னும் பெயர் மட்டும் மாறவில்லை, யாரை அந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற விதியும் கொஞ்சம் மாறியது, இரண்டு காலத்து எண்களையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.